ஆளுக்கு இரண்டு பம்பு காற்று

மகனே,

தேதியைத் தள்ளி வைக்காதே. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் எழுதும் எதையும் நீ கடைசி வரைக்கும் படித்தவன் அல்ல. ஜொகூரிலிருந்து நீ அனுப்பிய செய்தியை உன் அம்மா எனக்கு வாசித்துக் காட்டினாள். "அப்பாவால உட்கார முடியலன்னா கல்யாணம் எதுக்கும்மா, புண்ணு ஆறட்டும், தள்ளி வச்சிடலாம். அந்தக் குஷன நான்தானே வாங்கிக் கொடுத்தேன்" என்று எழுதியிருந்தாய். வாசித்துவிட்டு அவள் அழுதாள். நான் அழவில்லை. கிள்ளானில் மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று, பெண் வீட்டார் ஊர் முழுக்கக் கார்டு கொடுத்துவிட்டார்கள், எனக்குப் பின்புறத்தில் இருக்கும் ஒரு புண்ணுக்காக இரண்டு குடும்பங்கள் காத்திருக்க வேண்டுமா என்று யோசித்தேன். வேண்டாம். ஆனால் ஒரு வரியில் வேண்டாம் என்றால் நீ நம்பமாட்டாய். அப்பா ரோஷத்தில் சொல்கிறார் என்று நினைப்பாய். அதனால் நீளமாக எழுதுகிறேன். ஞாயிறு பத்திரிகைக்கும் ஒரு பிரதி அனுப்பப் போகிறேன். உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே. என்னைப் போல் சக்கர நாற்காலியில் இருக்கும் யாராவது ஒருவர் இதைப் படித்துவிட்டுத் தன் குஷனிலிருந்து கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டால் அதுவே எனக்குப் போதும்.

நீ அந்தக் குஷன் பெட்டியைக் கொண்டுவந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கறுப்பு ரப்பர், வரிசை வரிசையாகக் காற்றுக் குமிழ்கள், ஓரத்தில் ஒரு வால்வு, கூடவே கையால் அடிக்கும் சின்னப் பம்பு. உன் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முட்டைத் தட்டு மாதிரி இருக்கு. இதுல உட்கார்ந்தா உங்கப்பா குஞ்சு பொரிச்சிடுவாரு" என்றாள். நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. விபத்துக்குப் பிறகு இந்த வீட்டில் நடக்கும் எந்த வேடிக்கைக்கும் சிரிப்பதில்லை என்று நான் பிடிவாதமாக இருந்த காலம் அது. ஆனால் நீ ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தத் தட்டைக் கட்டிலில் என் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். ஒரு குமிழை அழுத்தினேன். பக்கத்துக் குமிழ் மட்டும் எழும்பும் என்று எதிர்பார்த்தேன். அப்படி இல்லை, கடைசி வரிசையில் இருந்த குமிழ்கூட ஒரு மயிரிழை உயர்ந்தது. எல்லாக் குமிழ்களுக்கும் அடியில் ஒரே காற்று, ஒன்றோடொன்று இணைந்த காற்று. ஒரு மாங்காயை எடுத்து நடுவில் வைத்தேன். அது கொஞ்சம் இறங்கியது, சுற்றியிருந்த குமிழ்கள் சாய்ந்து அதைப் பிடித்துக்கொண்டன. எங்கே மேடோ அங்கே குமிழ் தாழ்ந்தது, எங்கே பள்ளமோ அங்கே நிமிர்ந்தது. எந்தப் பொருளை வைத்தாலும் அதன் வடிவத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது. அன்று மத்தியானம் முழுக்க வெங்காயம், செருப்பு, உன் அம்மாவின் இடிகல் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வைத்துப் பார்த்தேன். இடிகல்லைக் காணோம் என்று அவள் தேடிக்கொண்டு வந்து, என்னைப் பார்த்துவிட்டு, அதை எடுத்துக்கொண்டு போனாள்.

பத்திரிகையில் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன், நான் அடித்தளப் பொறியாளன். கட்டடம் எழும்புவதற்கு முன் மண்ணைத் தோண்டிப் பார்த்து, இது எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்கிற வேலை. கிள்ளான் பக்கம் மண் என்பது பல இடங்களில் கடலோரச் சேறு. அங்கே கம்பங்களை ஆழமாக இறக்கலாம், அல்லது கட்டடம் முழுவதற்கும் அடியில் தெப்பம் போல் ஒரு கான்கிரீட் தளம் போட்டு மிதக்கவிடலாம். தெப்பம் கொஞ்சம் அமிழும், அமிழத்தான் வேண்டும். எங்கள் தொழிலில் அதற்கு செட்டில்மென்ட் என்று பெயர். எல்லா மூலையும் ஒரே அளவு அமிழ்ந்தால் ஆபத்தில்லை. ஒரு மூலை மட்டும் அமிழாமல் முறைத்துக்கொண்டு நின்றால்தான் சுவர் பிளக்கும். நம் ஜனங்கள் அதே சொல்லை வேறு மாதிரி வைத்திருக்கிறார்கள். கல்யாணம் ஆனால் பையன் செட்டில். சண்டை தீர்ந்தால் செட்டில். கார் ரிப்பேர் முடிந்தால்கூட, "செட்டில் லா, பாஸ்." எனக்கு மட்டும் அது கட்டடம் மண்ணுக்குள் இறங்குவது. இதையெல்லாம் நான் எத்தனையோ கூட்டங்களில் விளக்கியிருக்கிறேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பதவியில் எனக்கு மேலே போனார்கள். அதை இங்கே எழுதவில்லை, பக்கம் போதாது.

ஆனால் பொறியாளன் ஆவதற்கு முன்னால் நான் டயர் கடைக்காரர் மகன். என் அப்பா இதே பிரிக்பீல்ட்ஸில் டயர் கடை வைத்திருந்தார். அந்தக் கடையில் வளர்ந்த எவனும் ஒரு டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்க்காமல் கடந்து போகமாட்டான். விரல் உள்ளே போனால் காற்று கம்மி, இரண்டு பம்பு அடி. கல்லு மாதிரி இருந்தால் நல்ல டயர். உன் சித்தப்பா, என் ஒரே தம்பி, இன்றைக்கும் கிள்ளானில் அதே தொழில். உன் அம்மா மருமகளாக வந்தவள்தான், அவளுக்கும் தொற்றிக்கொண்டது. பாசாரில் மீன் வாங்கும்போதுகூட அப்படித்தான் அழுத்திப் பார்க்கிறாள். உன்னையும் பார்த்திருக்கிறேன். வேறு யாருடைய சைக்கிளாக இருந்தாலும் உன் விரல் போகும்.

குஷன் வந்த புதிதில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சாயங்காலம் உன் அம்மா என்னைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போவாள். பார்வையற்றவர்களுக்காக நடைபாதையில் பதித்திருக்கும் மஞ்சள் கற்கள் இருக்கின்றனவே, புடைப்பு புடைப்பாக, அவற்றின் மேல் சக்கரம் ஏறும்போது முன்பெல்லாம் என் பல் ஒன்றோடொன்று இடிக்கும். அவர்களுக்கு வழி காட்டுவது எனக்கு வதை. புதுக் குஷனில் அந்தக் குலுக்கல் பாதியாகக் குறைந்தது. எனக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது, ஆனால் பல்லுக்குத் தெரியும். பிறகு சில வாரங்களில் மறுபடி குலுங்க ஆரம்பித்தது. தெருவை மோசமாகப் பராமரிக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். எதற்கும் யாரையாவது குறை சொல்வதற்கு எனக்கு அதிக நேரம் ஆவதில்லை.

ஒரு நாள் குளிப்பாட்டும்போது உன் அம்மா, "இங்க செவந்திருக்கு" என்றாள். விரலால் அழுத்தினாள். நல்ல தோலாக இருந்தால் அழுத்தும்போது வெளுத்து, பிறகு சிவக்கும். அங்கே வெளுக்கவே இல்லை. நான்கைந்து நாளில் தோல் உரிந்தது. தாதி வந்து பார்த்துவிட்டு, உட்காரவே கூடாது, பக்கவாட்டில் படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அந்த வாரம்தான் நீ கல்யாணத் தேதியைச் சொன்னாய்.

அடுத்து ஷீலா வந்தாள். சுபாங் ஜெயாவிலிருந்து வீடு வீடாக வந்து போகும் தெரபிஸ்ட் பெண், உன்னைவிட ஒன்றிரண்டு வயது பெரியவள் இருக்கலாம். புண்ணைப் பார்ப்பதற்கு முன் நாற்காலியைப் பார்த்தாள். குஷனின் ஓரத்தைத் தொட்டாள்.

"அங்கிள், இதுக்கு யாரு காத்து அடிக்கிறது?"

"நான்தாம்மா," என்றாள் உன் அம்மா. "காலையில தொட்டுப் பாப்பேன். மெத்துன்னு இருந்தா ரெண்டு பம்பு."

"மத்தியானம் நானும் பாப்பேன்," என்றேன். "ரெண்டு பம்பு."

"பையன் ஜொகூர்ல இருந்து வந்தா அவனும் ரெண்டு அடிச்சிட்டுத்தான் உட்காருவான்."

ஷீலா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "வேற யாரு?"

உன் அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை கொழுந்தனாரு வருவாரு. அவரும் அடிப்பாரு. டயர் கடை வச்சிருக்காரு."

"ஆன்டி," என்றாள் ஷீலா, "அங்கிள் என்ன லோரியா?"

பிறகு உன் அம்மாவை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். எனக்குத் தெரியாத இடத்தில் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியுமே. உட்கார்ந்ததும் உன் அம்மா, "பலகை மாதிரி இருக்கு. ஆடுது வேற" என்றாள். ஷீலா அவளைச் சாயச் சொல்லி, தன் உள்ளங்கையை அவளுக்கும் குஷனுக்கும் நடுவே விட்டு, உட்காரும் எலும்பைத் தேடிப் பிடித்து, மறு கையால் வால்வைத் திறந்தாள். புஸ்ஸென்று காற்று போனது.

"ஐயோ, கீழ போறேன்."

"போங்க ஆன்டி."

"இன்னும் போகுது."

"போகட்டும். மேல உட்கார்ந்திருந்தீங்க, உள்ள உட்காரணும். எலும்புக்குக் கீழ ஒரு விரல் தடிமன் காத்து இருந்தா போதும். அதுக்கு மேல இருந்தா எலும்பு ரெண்டும் குத்திக்கிட்டு நிக்கும். கம்மியா இருந்தா அடியில இடிக்கும்." வால்வை மூடினாள்.

"இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டது ஷீலா இல்லை, நான். உன் அம்மா இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்தாள். "யாரோ கையில ஏந்திக்கிட்டாப்ல இருக்குங்க" என்றாள். நான் அதை மறுபடியும் சொல்லச் சொன்னேன். தொடைக்கடியில் எப்படி, வாலெலும்புப் பக்கம் எப்படி, குளிர்ச்சியா, சூடா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் உட்கார்ந்திருப்பது அவளுக்கு எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. ஷீலாவையும் விடவில்லை. கெந்திங் மலைக்குப் போனால் காற்று விரியாதா? விரியும் அங்கிள், மேல போனதும் கொஞ்சம் லெப்பாஸ் பண்ணணும், தொறந்து விடணும், கீழ வந்தா மறுபடி அடிக்கணும். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால்? அதுவும் அப்படித்தான். குமிழ்களைத் தனித்தனியாக அடைத்துவிட்டால்? "அங்கிள், எனக்குப் பரீட்சை வைக்கிறீங்களா?" என்றாள்.

ஆக, மகனே, நீ வாங்கித் தந்த பொருளில் குற்றமில்லை. நம் குடும்பமே ஆளுக்கு இரண்டு பம்பு அடித்து என்னை அதன் மேலே ஏற்றி உட்கார வைத்திருக்கிறது. எல்லாம் அக்கறையில்தான். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஷீலா போன பிறகு நான் குற்றத்தை உன் சித்தப்பா தலையில் போட முயன்றேன். அவன் கை இரும்புக் கை, அவன் அடிக்கும் இரண்டு பம்பு மற்றவர்களின் நான்குக்குச் சமம் என்று கணக்குப் போட்டேன். அவன் வாரத்துக்கு ஒரு நாள் வருபவன், கணக்கு எப்படிப் போட்டும் வரவில்லை. அவனுக்கும் உனக்கும் ஒரே பங்கு. அவனைக் குறை சொன்னால் உன்னையும் சொல்ல வேண்டும், உன்னைச் சொல்ல எனக்கு மனமில்லை. அப்படித்தான் அவன் தப்பித்தான்.

அவன்மேல் எனக்கு என்ன கோபம் என்று நீ பல தடவை கேட்டிருக்கிறாய், நான் சொன்னதில்லை. விபத்தன்று காரை அவன் ஓட்டினான் என்பதற்காக இல்லை. பத்துமலைக் கோயிலிலிருந்து திரும்பும்போது மழை, முன்னால் போன லோரி திடீரென்று நின்றது, யார் ஓட்டியிருந்தாலும் மோதியிருக்கும். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பெல்ட்டைத் தேடினேன். அதை மாட்டும் பூட்டு அவன் கார் சீட்டுக்கடியில் எங்கேயோ புதைந்து கிடந்தது, பல வருஷமாக. "பூட்டு எங்கடா?" என்று கேட்டேன். "பின்னாடி யாருண்ணே பெல்ட் போடுறா" என்றான். பிறகு மருத்துவமனை நடையில் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடி நின்றபோது அவன் சொன்னது, "அண்ணன் பெல்ட் போடல." அந்த மூன்று சொல்லில் பொய்யில்லை. அதனால்தான் என்னால் மறுக்கவும் முடியவில்லை. இன்றைக்கும் யாராவது வந்தால் உன் அம்மாவிடம், "பெல்ட் போட்டிருந்தா இப்படி ஆகியிருக்காது, சாப்பிட்டாரா?" என்று என் தலைக்கு மேலே பேசிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பூட்டைப் பற்றி அவன் ஒருவரிடமும் சொன்னதில்லை. கல்யாணக் கார்டில் அவன் பெயரைப் போட வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். உன் அம்மா பாசாருக்குப் போயிருந்தாள். புண் பெரும்பாலும் மூடிவிட்டது, தினமும் கால் மணி நேரம் உட்காரலாம் என்று தாதி அனுமதித்திருந்தாள். வழக்கமாக அவன் வந்தால் நான் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அன்று கதவைப் பார்த்துப் படுக்க வைத்திருந்தார்கள், நானாகத் திரும்ப முடியாது.

"உட்கார்ற நேரமாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்தான். அவன் கட்டை விரல் குஷனை நோக்கிப் போனது.

"விரல எடு," என்றேன்.

எடுத்துவிட்டான். என்னைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தான். கையை அடியில் விட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, என்னைத் தன் தோளில் சாய்த்து, உள்ளே விட்டான்.

"எலும்பு தெரியுதா?"

"தெரியுதுண்ணே."

"அதுக்குக் கீழ?"

"ஒண்ணும் இல்ல. இடிக்குது."

உன் அம்மா பயந்துபோய் அளவுக்கு மேல் திறந்துவிட்டிருக்கிறாள். அவன் பம்பை எடுத்து மெதுவாக அழுத்தினான். பாதியில் நிறுத்தினான், கையை அசைத்துப் பார்த்தான், இன்னும் கொஞ்சம் அழுத்தினான். "இத்தனை வருஷமா டயரு பாக்குறேன், யாரும் இப்படி உள்ள கைய விட்டுப் பாக்கச் சொன்னதில்ல" என்றான். பிறகு, "ஒரு விரல். செட்டில்ணே" என்றான். எதைச் சொன்னான் என்று எனக்குத் தெரியும், காற்றைத்தான். இருந்தாலும் அவன் முகம் அவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது பூட்டைப் பற்றி ஏதாவது சொல்வானா என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கையை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான்.

"கல்யாணத்துல எவ்வளவு நேரம் உட்காரலாமாம்?"

"அரை மணி."

"சடங்கு ரெண்டு மணி நேரம் ஆகுமே."

"தெரியும்."

"கார்டுல எம் பேரு இல்ல. பாத்தேன்."

"நான்தான் வேணாம்னு சொன்னேன்."

"தெரியும்," என்றான் அவனும்.

நான் அதற்கு முன் யோசித்து வைத்திருந்த எதையும் பேசவில்லை. "மிச்ச நேரம் நீயும் உன் பொண்டாட்டியும் என் இடத்துல உட்காருங்க" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. "கார்டுல பேரு இல்லாதவன் மேடையில உட்கார்ந்தா ஜனம் கேக்குமேண்ணே" என்றான். "என்னைத்தான் கேக்கும்" என்றேன். எழுந்து நின்றான். "நீங்க சொல்லி நான் வந்தா, காலு போன அண்ணனுக்காக வந்த மாதிரி ஆயிடும். பையன் வந்து கூப்பிடட்டும். அவனுக்காக வரேன்." அதில் குத்தலும் இருந்தது, நியாயமும் இருந்தது. பிரித்துப் பார்க்க எனக்கு நேரமில்லை, என் கால் மணி நேரம் முடிந்துவிட்டது. என்னைத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுப் போனான்.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அப்பா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். உங்கள் இருவருக்கும் நடுவே ஏதாவது மனக்கசப்பு என்று தெரிந்தால் உன் அம்மா வருவாள், நான் வருவேன், அந்தப் பெண்ணின் அம்மா வருவாள், ஆளுக்கு இரண்டு பம்பு அடித்துவிட்டுப் போவோம். எங்களை வாசலிலேயே நிறுத்து. அவளுக்கு எங்கே வலிக்கிறது என்று உனக்குத் தானாகத் தெரிய வராது, அவளிடமே கேள். கேட்டதற்குப் பதில் வர நேரமானால் காத்திரு. இவ்வளவுதான்.

இந்தச் சனிக்கிழமை நீ வரும்போது நேராக வீட்டுக்கு வராதே. கிள்ளானில் இறங்கு. வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் வைத்து முறையாக ஒரு தட்டு எடுத்துக்கொண்டு போ. கடைக்குப் போகாதே, வீட்டுக்குப் போ, சித்தி இருக்கும்போது இருவரையும் நிற்க வைத்துக் கூப்பிடு. கார்டைப் பற்றிக் கேட்டால், அது அப்பா செய்தது என்று சொல். நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே, அது உண்மையில்லை. அந்தப் பூட்டைப் பற்றி என்றைக்காவது அவன் வாய் திறந்தால் பிறகு பார்க்கலாம். அதற்கும் உன் கல்யாணத்துக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு இப்போதுதான் புரிந்திருக்கிறது.

பாத பூஜைக்கு என்னை மேடைக்கு ஏற்றிவிடுங்கள். நீ என் காலைக் கழுவும்போது எனக்கு ஒன்றும் தெரியாது, தண்ணீர் எப்படி இருந்தது என்று பிறகு உன்னிடம் கேட்டுக்கொள்வேன். தாலி கட்டும் வரை இருப்பேன். அதன் பிறகு மண்டபத்துப் பின்பக்கம் வேனில் படுத்துக்கொண்டு நாதஸ்வரத்தைக் கேட்பேன், உன் அம்மா மேடையில் இருக்கலாம், என்னோடும் இருக்கலாம், அது அவள் விருப்பம். ஆனால் மேடையில் என் இடத்தில் ஆள் இருக்க வேண்டும். அது காலியாக இருந்தால், வந்திருக்கிற ஜனம் பூராவும் உங்கள் இருவரையும் விட்டுவிட்டு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்பா